ஊறிப்போன தே ஓ

கேமரன் மலையில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த என் அத்தை, தன் அறுபத்தெட்டாவது வயதில் முதன்முதலாக வைன் குடித்தார். குடித்தார் என்பது பெரிய வார்த்தை. ஒரே மடக்கு.

அந்த மலையிலுள்ள தானா ராத்தா ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் குளிர் இறங்கிவிடும். கோலாலம்பூரிலிருந்து ஏறிப்போன நாங்கள், புதிதாகத் திறந்திருந்த ஒரு சின்ன வைன் கடைக்கு அத்தையையும் இழுத்துக்கொண்டு போனோம். வயிறு நிறையச் சாப்பிடுகிற இடமில்லை அது. உள்ளங்கை அகலத் தட்டுகளில் நாலு துண்டு சீஸ், புகைபோட்ட வாத்து, வறுத்த காளான், நெத்திலி சம்பல் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். அத்தை தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "சாமிக்குப் படைக்கிறாப்பல வைக்கிறான்" என்றார். அவருடைய அப்பா பேராவில் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் சம்பளத்தில் பாதியைத் தோட்டத்துக் கள்ளுக்கடையில் கொடுத்துவிட்டு வருவாராம். அதனால் போதை தருகிற எதையும் அத்தை வாழ்நாளில் தொட்டதில்லை. அன்று என்ன தோன்றியதோ, என் மனைவியின் கிண்ணத்தை வாங்கிச் சிவப்பு வைனில் ஒரு மடக்கு இழுத்தார். முகம் சுருங்கியது.

"ஏண்டா, கேத்தல்ல மறந்து விட்டுட்ட தே ஓ மாதிரி இருக்கு. வாயெல்லாம் பிடிக்குது. இதுக்கா இருபத்தெட்டு வெள்ளி?"

மேசையில் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அத்தை சொன்னது வேதியியலின்படி சரி. தே ஓ என்றால் பால் சேர்க்காத தேநீர். இங்கே அதைச் சொல்லத் தேவையில்லை, தமிழ்நாட்டு வாசகருக்காகச் சொல்கிறேன். மலையில் வளரும் ஒரு செடியின் இலையும், எங்கோ வெயில் தேசத்தில் பழுத்த திராட்சையும் ஒரே மாதிரி வாயைப் பிடிப்பானேன்? பிடிக்கிற அந்த உணர்ச்சிதான் என்ன?

அதற்குத் தமிழில் பெயர் தேட வேண்டாம். துவர்ப்பு. அறுசுவையில் ஒன்று. வாழைப்பூவை ஆயும்போது ஒரு மடலை மென்றுபாருங்கள், பாக்கைக் கடித்துப்பாருங்கள், பழுக்காத மாதுளை, கடுக்காய் எல்லாம் அதே குடும்பம். ஆனால் உடலியல் புத்தகத்தில் நாக்கின் சுவைகள் என்று கொடுத்திருக்கும் பட்டியலில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அதோடு ஜப்பானியர் பெயரிட்ட உமாமி என ஐந்துதான் இருக்கும். நம் பட்டியலில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும் அங்கே இல்லை. நம்மவர்கள் தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வாயில் நடப்பதையெல்லாம் சேர்த்து எண்ணியவர்கள் ஆறு என்றார்கள், நாக்கின் சுவை மொட்டில் நடப்பதை மட்டும் எண்ணியவர்கள் ஐந்து என்றார்கள்.

துவர்ப்பு சுவை மொட்டின் வேலை இல்லை என்று சந்தேகப்பட வீட்டிலேயே இரண்டு தடயம் கிடைக்கும். சர்க்கரையை நாக்கில் வைத்தால் அந்தக் கணமே இனிக்கிறது. துவர்ப்பு அப்படி வருவதில்லை. கடும் சாயத் தேநீரை விழுங்கிய பிறகு சில நொடி கழித்துத்தான் மெல்ல ஏறும், ஏறினால் இறங்க நேரமெடுக்கும். இரண்டாவது தடயம் இன்னும் வேடிக்கையானது. இனிப்பு சுவை மொட்டு உள்ள இடத்தில்தான் தெரியும், உதட்டின் உள்பக்கம் தெரியாது. துவர்ப்போ கன்னத்தின் உள்சுவர், ஈறு, உதடு என்று எங்கும் தெரியும். அத்தை "நாக்குப் பிடிக்குது" என்று சொல்லவில்லை, "வாயெல்லாம்" என்றார்.

வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தோல் ஷாப்பு வழியாகப் போய்வர வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கத்தில் பழைய முறையில் தோல் பதனிட ஆவாரம்பட்டையை ஊறவைத்த நீரைப் பயன்படுத்தினார்கள். பச்சைத் தோல் என்பது புரதம். அப்படியே விட்டால் அழுகும். பட்டையிலிருந்து இறங்கும் ஒரு பொருள் அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று கட்டிப் போட்டுவிடுகிறது. இழை இறுகி, அழுகாத தோலாகிறது. ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையால் இதையே செய்தார்கள், பதனிடும் அந்தத் தொழிலின் பெயரிலிருந்தே டானின் என்ற சொல் பிறந்தது. தமிழில் துவர்ப்பொருள் என்றே சொல்லிவிடலாம்.

உங்கள் வாயிலும் புரதம் இருக்கிறது, உமிழ்நீரில். உமிழ்நீரைத் தண்ணீர் என்று நினைக்கிறோம், அது மசகு. மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மையைப்போல, நாக்கும் கன்னமும் பல்லும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்வது அதிலுள்ள வழவழப்பான புரதப் படலம்தான். துவர்ப்பொருள் உள்ளே வந்ததும் அந்தப் புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. திரண்டவை படலத்தைவிட்டுப் பிரிகின்றன. மை தீர்ந்த அச்சு கிரீச்சிடுகிறது. நாம் துவர்ப்பு என்று உணர்வதில் பெரும்பங்கு அந்தக் கிரீச்சிடல்தான், நாக்கும் அண்ணமும் வெறுமையாக உரசிக்கொள்வது. வாய்க்குள் ஒரு குட்டித் தோல் பதனிடும் தொழில் நடக்கிறது என்று சொன்னால் சாப்பிடுகிற நேரத்தில் யாருக்கும் பிடிக்காது, ஆனால் நடப்பது கிட்டத்தட்ட அதுதான்.

எப்படித் திரட்டுகிறது? தேயிலைக் காட்டுப் பாதையில் நடந்தால் சேலைக் கரையில் ஒட்டுப்புல் ஏறிக்கொள்ளும். ஒரு விதைக்குப் பல கொக்கி. ஒரு கொக்கி உங்கள் முந்தானையில், இன்னொன்று பக்கத்தில் நடப்பவரின் முந்தானையில் மாட்டினால் இருவரும் இணைந்துவிடுவீர்கள். துவர்ப்பொருளின் மூலக்கூறும் அப்படிப் பல இடத்தில் ஒட்டக்கூடியது. உமிழ்நீரில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதங்கள் உண்டு. மற்றப் புரதங்களைப்போல உருண்டு சுருண்டு கிடக்காமல், அவை அவிழ்த்துப் போட்ட நூலைப்போல நீண்டு கிடக்கும். கொக்கிக்கு வசதி. நூலோடு நூல் மாட்டி, முடிச்சாகி, கலங்கிக் கீழே படியும். பிரான்சில் சிவப்பு வைனின் கடுமையைக் குறைக்க முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவது பழைய வழக்கம். வெள்ளைக்கருவின் புரதம் துவர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும். நம் எச்சில் செய்வதைப் பீப்பாய்க்குள் முன்கூட்டியே முட்டை செய்துவிடுகிறது.

இனி அத்தையின் ஒப்பீட்டுக்கு வருவோம். தேயிலைக் கொழுந்தை உலர்த்தி எடை போட்டால் அதில் கால்பங்கு அளவுக்குக்கூடக் கேட்டச்சின் என்ற வகைப் பொருள்கள் இருக்கும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பொருளைப் பிரித்துப் பார்த்தால், அதைக் கட்டிய செங்கலும் இதே கேட்டச்சின் குடும்பம்தான். இலையில் செங்கல் தனித்தனியாகக் கிடக்கிறது, திராட்சை விதையில் வரிசையாக அடுக்கிச் சுவராகவே இருக்கிறது. தனிச் செங்கல் கசப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. சங்கிலி நீள நீளக் கசப்பு குறைந்து துவர்ப்பு ஏறும், கொக்கிகள் பெருகுகின்றன அல்லவா. வெள்ளை வைன் ஏன் இப்படிப் பிடிப்பதில்லை என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்து புளிக்க வைக்கிறார்கள். சிவப்புக்குத் தோலையும் விதையையும் சேர்த்தே ஊற வைக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் ஒரே வழியில் இறங்குகின்றன.

தேயிலையிலும் செங்கல் அப்படியே இருந்துவிடுவதில்லை. 1929இல் ஆர்ச்சிபால்ட் ரசல் காட்டை வெட்டி ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையின் தொழிற்சாலைகள் செய்வது இந்தச் செங்கல்களைக் கோக்கிற வேலையைத்தான். கொழுந்தை ஓரிரவு வாட்டி, உருளையில் கசக்குவார்கள். கசங்கும்போது இலைக்குள் தனித்தனி அறையில் இருந்த நொதியும் கேட்டச்சினும் கலந்துவிடும். காற்றின் ஆக்சிசன் சேர்ந்ததும் செங்கல்கள் இணைய ஆரம்பிக்கும். பச்சை செம்பாகும், அப்புறம் பழுப்பாகும். இதைப் புளிக்க வைப்பது என்று தொழிற்சாலையில் சொன்னாலும் ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ இங்கே வேலை செய்வதில்லை. நறுக்கி வைத்த ஆப்பிள் கறுக்குமே, அதே சங்கதி. இந்த நேரத்தைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் தேநீரின் பிடிப்பு மாறும். அளவோடு இணைந்து பிறக்கும் தியாஃப்ளேவின் என்ற ஆரஞ்சு நிறப் பொருள்தான் நல்ல கறுப்புத் தேநீருக்கு ஒரு துள்ளலான துவர்ப்பைத் தருகிறது. சரியான கட்டத்தில் சூடான காற்றைச் செலுத்தி நொதியைக் கொன்றால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பச்சைத் தேயிலைக்கு இந்த ஆட்டத்தையே ஆட விடுவதில்லை, முதலிலேயே சூடுகாட்டிவிடுவார்கள்.

கேத்தலில் மறந்துபோன தேநீருக்கு நேர்வது எளிது. மணம் தரும் பொருள்கள் முதலில் ஓடி வந்துவிடும். துவர்ப்பொருள் மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் விட்ட நேரமெல்லாம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் தேயிலைச் சுவைஞர்கள் நேரத்தில் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள். தேநீரை ஒப்பிட்டுச் சுவைப்பதற்கென்றே ஓர் அனைத்துலகத் தரவிதி 1980இல் வந்தது. நூறு மில்லிலிட்டர் கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிடம். சரக்கென்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, துப்பிவிடுவார்கள். வைன் சுவைஞரும் அச்சு அசல் இதைத்தான் செய்கிறார். இதில் மலைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் இங்கே தண்ணீர் 95 பாகை செல்சியசுக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதற்குமேல் என்ன தீ வைத்தாலும் ஏறாது. கேமரன் மலைத் தூளைக் கோலாலம்பூரில் போட்டால் சாயம் சட்டென்று இறங்குகிறது என்று அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். நான் அதைத் தண்ணீரின் குற்றம் என்று நினைத்திருந்தேன்.

துவர்ப்பு தொடு உணர்ச்சிதான் என்று எப்படித் துணிந்து சொல்கிறார்கள்? இந்த இடத்தில் கதை கொஞ்சம் முன்னும் பின்னும் போகிறது. 1992இல் கொறிணிகளின் நரம்புகளில் மின்துடிப்பை அளந்தவர்கள், துவர்ப்பொருள் பட்டதும் சுவையைக் கடத்தும் நரம்பு துடிப்பதைக் கண்டார்கள். அப்படியென்றால் அது சுவைதான் என்ற பக்கம் வலுத்தது. அடுத்த வருடமே பால் பிரெஸ்லின் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். சுவை மொட்டே இல்லாத இடத்தில், மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே, துவர்ப்பான கரைசலை வைத்துப் பார்த்தார்கள். துவர்த்தது. உதட்டை அசைத்து உரசச் சொன்னபோது இன்னும் துவர்த்தது. வழுக்கும் திரவத்தால் கொப்பளித்தால் தணிந்தது. சுவை என்றால் உதட்டை ஆட்டுவதால் கூடுமா? உரசல் என்றால் கூடத்தான் வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். 2014இல் ஜெர்மனியில், நரம்பு பழுதுபட்டவர்களிடமும் ஊசியால் நரம்பை மரக்கவைத்தவர்களிடமும் ஒரு குழு சோதித்தது. முகத்தின் தொடுகை, வலி, சூடு எல்லாவற்றையும் மூளைக்குச் சொல்வது முக்கிளை நரம்பு. பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஊசி போடுவது இதன் ஒரு கிளைக்குத்தான். அந்த நரம்பு நலமாக இருந்தவர்களுக்குச் சுவை நரம்பு கெட்டிருந்தாலும் துவர்ப்பு தெரிந்தது. முக்கிளை நரம்பையும் சேர்த்து மரக்கவைத்தபோதுதான் தெரியாமல் போனது. ஆக, தொடுகையின் பக்கம் வழக்கு வென்றது. ஆனால் அதே குழு சுண்டெலியின் முக்கிளை நரம்புச் செல்களைத் தனியே எடுத்துத் துவர்ப்பொருளை ஊற்றியபோது, உரசலே இல்லாமல் அவை நேரடியாகத் தூண்டப்பட்டன. வெறும் உராய்வு மட்டுமில்லை, அந்த நரம்பே துவர்ப்பொருளை மோப்பம் பிடிக்கிறது போலிருக்கிறது. இரண்டில் எது எவ்வளவு என்ற கணக்கு இன்னும் தீரவில்லை.

செடிக்கு இதில் என்ன ஆதாயம் என்றால், தின்ன வருகிறவனை விரட்டுவதுதான். புரதத்தைக் கட்டிப்போடும் பொருள் வயிற்றுக்குள் போனால் உணவுப் புரதத்தையும் செரிக்கவிடாது. செந்நிறச் சோளத்தில் சில வகைகளைப் பறவை அவ்வளவாகத் தொடாது, துவர்ப்பொருள் நிறைய. 1980களில் அந்தச் சோளத்தை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் எலி மெலிந்தது. மூன்றே நாளில் அதன் உமிழ்நீர்ச் சுரப்பி பருத்து, நான் மேலே சொன்ன அந்த நூல்போன்ற புரோலின் புரதத்தை ஏராளமாகச் சுரக்கத் தொடங்கியது. எலி தேறிவிட்டது. இதேபோன்ற இன்னொரு சோதனையில் வெள்ளெலிக்கு அப்படிச் சுரக்கத் தெரியவில்லை, கடும் அளவில் கொடுத்தபோது சில நாளிலேயே செத்துப்போனது. அப்படியானால் எச்சிலில் உள்ள அந்தப் புரதங்கள் ஒரு காவற்படை. துவர்ப்பொருள் வயிற்றுக்குப் போவதற்கு முன்பே வாயில் மறித்துப் பிடித்துக்கொண்டு சாகின்றன. மனிதருக்கு எலியைப்போல் புதிதாகத் தூண்ட வேண்டியதில்லை, கன்னத்துச் சுரப்பியின் புரதத்தில் பெரும்பகுதி எப்போதும் இந்த வகைதான். இலை தழை தின்ற முன்னோர் விட்டுப்போன சொத்து.

அந்தச் சின்னத் தட்டுகளை இப்போது பார்க்கலாம். சீஸ் என்பது பாலின் கேசீன் புரதமும் கொழுப்பும். கேசீனும் புரோலின் மிகுந்த, அவிழ்ந்த நூல். வைனின் கொக்கிகள் உங்கள் எச்சிலைவிட்டுச் சீஸில் மாட்டிக்கொள்கின்றன. தே தாரே குடிக்கிற ஒவ்வொரு மலேசியருக்கும் இது தெரிந்த விஷயம்தான், பெயர்தான் தெரியாது. கடும் சாயத்தில் கெட்டிப்பால் ஊற்றி, கைநீள உயரத்திலிருந்து ஆற்றி ஆற்றி மாமாக் கடைக்காரர் கொடுக்கும்போது துவர்ப்பில் பாதி பாலோடு போயிருக்கும். மிச்சம்தான் சுகமான பிடிப்பு.

கொழுப்புக்கு வேறு வேலை. மேலே சொன்ன பிரெஸ்லினின் குழு 2012இல் ஒரு சோதனை செய்தது. மெல்லிய துவர்ப்புள்ள பானத்தைத் திரும்பத் திரும்ப உறிஞ்சச் சொன்னார்கள். முதல் மடக்கில் லேசாக இருந்த துவர்ப்பு, மடக்குக்கு மடக்கு ஏறிக்கொண்டே போனது. இன்னொரு முறை கொழுப்பு மிகுந்த உலர்ந்த இறைச்சியையும் தேநீரையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். வைன் இல்லை, தேநீர்தான். வாயில் எண்ணெய்ப் பிசுக்கும் கட்டவில்லை, துவர்ப்பும் முட்டவில்லை. தண்ணீர் கொடுத்தபோது பிசுக்கு இந்த அளவுக்குப் போகவில்லை. கொழுப்பு அதிகமாக வழுக்குகிறது, துவர்ப்பு அதிகமாக உரசுகிறது, இரண்டும் ஒரே துலாவின் இரு தட்டு. பிரியாணிக்குப் பிறகு நம்மவர்கள் சுலைமானித் தேநீர் கேட்பதும், ஆட்டுக்கறிக்கு மேல் வெற்றிலைப் பாக்கு போடுவதும் இதே துலாதான். சின்னத் தட்டு என்பது வெறும் பகட்டு என்று நினைத்தவன் நான். ஒரு வாய் கடி, ஒரு மடக்கு என்று மாற்றி மாற்றிப் போக அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது. சோற்றுக் குன்றுக்குப் பக்கத்தில் வைன் வைத்தால் இந்த எண்ணிக்கை தவறிவிடும்.

தப்பாகப் போனது நெத்திலி சம்பல் மட்டும். அத்தைக்கு அதுதான் பிடித்திருந்தது. நான் சம்பலைத் தின்றுவிட்டு வைன் குடித்தேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. மிளகாயின் எரிச்சலும் முக்கிளை நரம்பின் செய்திதான். சுமார் 42 பாகைக்கு மேல் சூடு பட்டால் அலறும் ஒரு வாங்கி அதன் நுனிகளில் இருக்கிறது, மிளகாயின் காரப்பொருள் போய்ப் பொய்யாக அதே மணியை அடிக்கிறது. மதுசாரம் அந்த வாங்கியின் வரம்பையே இறக்கிவிடுகிறது. 42 பாகையில் அலற வேண்டியது 34 பாகைக்குப் பக்கத்திலேயே அலறும் என்று 2002இல் காட்டினார்கள். நம் உடம்பின் சூடே 37. அதாவது வாயின் சொந்தச் சூடே அதற்குத் தீயாகிவிடுகிறது. அதன்மேல் மிளகாயையும் துவர்ப்பையும் போட்டால், ஒரே நரம்பில் மூன்று பேர் கத்துவதுதான்.

பில் வரக் காத்திருந்தபோது அத்தை மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை, சீவல், விரல்நகம் அளவு சுண்ணாம்பு, கூடவே பழுப்பாக ஒரு சின்னக் கட்டி. காசுக்கட்டி. கருங்காலி மரக்கட்டையைக் காய்ச்சி இறுக்கியது ஒரு வகை. மலாய் மண்ணில் கம்பீர் கொடியின் இலையைக் காய்ச்சியதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சீனத் தோட்டக்காரர்கள் கம்பீரைக் காடு காடாக வளர்த்து, தோல் பதனிட பிரிட்டனுக்குக் கப்பலேற்றினார்கள். இந்தக் கட்டியை மலாயில் காச்சு என்பார்கள். ஐரோப்பிய வணிகர் வாயில் அது கேட்டச்சு ஆனது. அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு வேதியியலார் வைத்த பெயர்தான் கேட்டச்சின்.

"என்னடா அப்படிப் பாக்குற? உனக்கும் ஒண்ணு மடிச்சுத் தரவா?" என்றார் அத்தை.

வாங்கிக்கொண்டேன். சீஸ் ஒரு துண்டு மிச்சமிருந்தது.